எந்த அளவுகோலுக்கு மிகை?

“சிவாஜி பெரிய நடிகர்தான், ஆனால் ஓவர் ஆக்டிங்.” பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர்கள் சினிமா அறியாதவர்கள் அல்லர். உலகப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள், திரைப்படக் கல்லூரி மாணவர்கள், உதவி இயக்குநர்கள், பழைய படங்களை ஆசையோடு பார்க்கும் ரசிகர்களிலேயே கணிசமானோர் இந்தக் கருத்தில்தான் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் நிற்க வேண்டிய சிவாஜி ரசிகர்களோ “அந்தக் காலத்துக்கு அது சரி” என்று முடித்துக்கொள்கிறார்கள். இது பதிலே அன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது.

குற்றச்சாட்டை அதன் முழு வலுவோடு எடுத்து வைப்பதுதான் நியாயம். வி.சி.கணேசன் என்ற சிவாஜி சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவில் சேர்ந்தவர். கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலும் உடலும் எட்ட வேண்டும் என்று பழகியவர். 1952இல் ‘பராசக்தி’ மூலம் திரைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். கேமராவோ இமைத் துடிப்பைக்கூடப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதன் முன்னால் கன்னம் துடிக்க, உதடு நடுங்க, குரலை ஏற்றி இறக்கி நடிப்பது தேவைக்கு மேற்பட்டது. அதே காலத்தில் எஸ்.வி.ரங்காராவும் டி.எஸ்.பாலையாவும் நாகேஷும் இயல்பாக நடித்தார்கள். சிவாஜிக்கும் அது முடியும் என்பதற்கு ‘முதல் மரியாதை’ (1985), ‘தேவர் மகன்’ (1992) இரண்டும் சாட்சி. அவரை அடக்கத் தெரிந்த இயக்குநர்கள் முன்பே கிடைத்திருந்தால் அவர் உயரமே வேறாக இருந்திருக்கும். இதுதான் வாதம்.

கேட்பதற்குக் கோவையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். ஆனால் இதன் ஒவ்வொரு படியையும் அந்தப் படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிலைப்பதில்லை.

1. மனிதர்கள் உண்மையில் இப்படிப் பேசுவார்களா என்ற கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும்? முதலில் வசனகர்த்தாவிடம். ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சிக்கு மு.கருணாநிதி எழுதியது, வாக்குமூலத்தின் வடிவில் ஒரு சமூகக் குற்றப்பத்திரிகை. அடுக்குத் தொடர்கள், எதுகை மோனை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கேள்விகள். சிவாஜி நடித்த குணசேகரன் நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறான்; கேட்க வேண்டியவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வசனத்தை வாய்க்குள் முணுமுணுத்தால் இயல்பு வந்துவிடாது. எதுகை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், பொருள் செத்துப்போகும். நீண்ட வாக்கியத்தை எங்கே மூச்சு வாங்கி, எங்கே தாழ்த்தி, எங்கே உயர்த்தினால் அதன் தர்க்கம் கேட்பவனுக்கு எட்டும் என்று கணக்கிட்டுப் பேசியிருக்கிறார் 24 வயது இளைஞர். கேலி செய்பவர்கள் காட்சியின் உச்சத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் அந்தக் குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது, எத்தனை படிகளில் மேலேறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

வசனமே செயற்கை என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். அது எழுத்தைப் பற்றிய விமர்சனம். அதற்கு நடிகரைக் கூண்டில் ஏற்ற முடியாது. எழுத்து ஓங்கி நிற்கும்போது நடிகர் மட்டும் தாழ்ந்து நின்றால் அதுதான் பொருந்தாத நடிப்பு.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) விஷயமும் இதுவே. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜியின் நாடகக் குழு மேடையேற்றிய நாடகத்தைத்தான் பி.ஆர்.பந்துலு திரைக்குக் கொண்டுவந்தார். ஜாக்சன் துரை முன்னால் நிற்பவர் ஆவணங்களிலிருந்து எழுந்து வந்த பாளையக்காரர் இல்லை. தெற்கத்திச் சீமையில் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தலைமுறைகளாக வாழ்ந்த நாயகன். அந்த நாயகனுக்கு உரிய நடை, பார்வை, தொனி கூத்திலிருந்துதான் வர முடியும். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் இந்த வேடத்துக்காகச் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. விருது எந்த வாதத்தையும் முடித்துவைப்பதில்லை. ஆனால், தமிழ் வசனத்தின் மயக்கத்தில்தான் மக்கள் அதை நடிப்பென்று கொண்டாடினார்கள் என்ற விளக்கம் கெய்ரோவில் செல்லுபடியாகாது.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) படத்தில் கொள்ளைக்காரனாக வரும் தொஷிரோ மிஃபூனே துள்ளுகிறார், உறுமுகிறார், கொக்கரித்துச் சிரிக்கிறார். ‘த்ரோன் ஆஃப் பிளட்’ (1957) படத்தின் நடிப்பு முறையோ ஜப்பானிய ‘நோ’ நாடகத்திலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டது. திரைப்படக் கழகங்களில் இவற்றைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. மரபு என்று குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். நோ நாடகத்துக்கு மரபு என்ற மதிப்பும், தெருக்கூத்துக்கும் பாய்ஸ் கம்பெனிக்கும் பழக்கதோஷம் என்ற பெயரும் எப்படி வந்தன? இந்தப் பாகுபாட்டுக்கு இதுவரை யாரும் காரணம் சொன்னதில்லை.

2. எந்த மனிதர்களின் இயல்பு இங்கே அளவுகோலாக வைக்கப்படுகிறது? துக்கத்தை விழுங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது ஒரு வகை மனிதரின் இயல்பு. நகரத்தில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று வாழப் பழகியவரின் இயல்பு. தமிழ்நாட்டில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் வேறொன்றையும் பார்த்திருப்பார்கள். மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். தெருமுனையிலேயே குரல் எடுத்துக்கொண்டு வந்து பந்தலுக்குள் நுழைவார்கள். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், அந்த ஒப்பாரியில் செத்தவரின் வரலாறே ஒழுங்காக அடுக்கப்பட்டு வரும். அது பொய்யழுகையா? அழுகைக்கே அங்கே ஒரு வடிவம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த மண்ணில் மகிழ்ச்சிக்கும் கோபத்துக்கும் கௌரவத்துக்கும்கூட அப்படி வடிவங்கள் உண்டு.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் சிக்கல் சண்முகசுந்தரம் இதற்கு நல்ல சான்று. வாணவேடிக்கை இரைச்சல் தன் வாசிப்பைக் கெடுத்துவிட்டது என்று பாதியில் எழுந்து போகிறவன் அவன். தலை நிமிர்ந்த விதம், துண்டை உதறும் விதம், கண்ணால் மேளக்காரரை அதட்டும் விதம் எல்லாமே தூக்கலாகத் தெரிகின்றன. ஆனால் நாதஸ்வர உலகத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இல்லை. 1956இல் மறைந்த திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் மிடுக்கையும் தன்மானத்தையும் பற்றித் தஞ்சை வட்டாரத்தில் இன்றும் பேசுகிறார்கள். கோயில் வீதியில் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்று மூச்சை அடக்கி மணிக்கணக்கில் வாசிக்கும் வித்துவானின் உடல்மொழி, அலுவலக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடல்மொழியாக இருக்க முடியாது.

மிகை என்றால் வேண்டாத ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். அந்தப் படத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியின் கன்னம் எப்போது உப்புகிறது, விரல் எந்தத் துளையில் விழுகிறது, மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அந்த வாசிப்போடு ஒட்டிப் போகின்றன. முகத்தில் நடக்கும் அசைவுகளில் பெரும்பகுதி, வாத்தியம் வாசிப்பவருக்கு வந்தே தீர வேண்டிய அசைவுகள். அதே படத்தின் ரயில் காட்சியைப் பாருங்கள். பெட்டியில் எதிரெதிரே சண்முகசுந்தரமும் மோகனாவும், நடுவே பாலையா. காதல் முழுக்கக் கண்களிலேயே நடக்கிறது; சிவாஜியும் பத்மினியும் வசனத்தின் துணை இல்லாமலே அதை நடத்திக் காட்டுகிறார்கள். அடக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படுகிறவர் செய்ததுதான் இது.

3. கேமரா எல்லாவற்றையும் பெரிதாக்கும் என்பது பாதி உண்மை. நெருக்கக் காட்சியில்தான் அது பெரிதாக்கும். 1950களின் தமிழ் ஸ்டுடியோக்களில் கனமான கேமரா, ஃப்ளோர் முழுக்க விளக்கு வெளிச்சம், படப்பிடிப்பிலேயே பெரும்பாலும் வசன ஒலிப்பதிவு. நடிகரின் இடுப்பு வரைக்குமோ முழு உருவமோ தெரியும்படி ஷாட் வைத்து, நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் எடுப்பது வழக்கம். அந்தச் சட்டகத்தில் இமைத் துடிப்பு யாருக்கும் தெரியாது. தோளும் கையும் நடையும் பேசியாக வேண்டும். அப்படி எடுத்த படம் ஊர் ஊராக டூரிங் டாக்கீஸ்களுக்குப் போனது. மணல் தரை, திறந்த பக்கங்கள், புரொஜக்டரின் ஓசை, கடைசியில் நின்று பார்க்கும் கூட்டம். இன்று அதே படத்தைக் கைபேசியில் முகத்துக்கு முக்கால் அடி தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் அதிகம் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இதையே முழு விளக்கமாக வைத்துக்கொள்ளவும் கூடாது. கருவிகளும் கொட்டகைகளும் மட்டும் காரணம் என்றால், அதே கருவிகளின் முன்னால், அதே கொட்டகைகளுக்காக அவர் வேறு மாதிரி நடித்திருக்க முடியாது. நடித்திருக்கிறார். அடுத்த மறுப்பு அதைப் பற்றித்தான்.

4. நாடக மேடையிலிருந்து அவர் இறங்கவே இல்லை என்பவர்கள் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்ததுண்டா? ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகளில், 1954இல், எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாளில் ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக்கொல்லப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார். சொல்பவர் மாற மாற ராஜன் மாறுகிறான்: சகோதரனோடு ஒரு குரல், மனைவியோடு ஒரு குரல், கள்ள உறவில் இன்னொரு குரல். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்ற கசப்பில் தேசத் துரோகியாகிப்போன படித்த மனிதனைச் சிவாஜி பேச்சுத் தொனியிலேயே நடித்திருக்கிறார். கதாநாயகன் என்ற நிலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு முயற்சியும் இல்லை. அதே 1954இல்தான் ‘மனோகரா’வும் வந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டு, கண்ணாம்பாவின் எதிரே வெடித்துக் குமுறும் இளவரசனும் இந்த ராஜனும் ஒரே நடிகரின் ஒரே ஆண்டு வேலைகள். ஒன்றில் உரத்தும் இன்னொன்றில் தாழ்த்தியும் நடித்தவரை, உரக்க மட்டுமே தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

1959க்கு வந்தால் கட்டபொம்மன் கர்ஜித்த அதே ஆண்டில், ஏ.பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’யில் ஒரு கையும் காலும் விளங்காத கன்னையனாக வருகிறார். வெள்ளைத் தோல் துரையை எதிர்த்து நிமிர்ந்த முதுகு இங்கே கூனிக் குறுகியிருக்கிறது, கண்ணில் குழந்தைத்தனம். 1966இல் ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’. 40 வயதுகூட நிரம்பாத நட்சத்திரம், வயது வந்த பெண்களுக்குத் தகப்பனாக நடிக்க ஒப்புக்கொள்கிறார். மகள்களில் ஒருவர் ஜெயலலிதா. அந்தப் பெரியவரின் அளந்த பேச்சில், இரண்டு குடும்பங்களை ரகசியமாகத் தாங்கும் மனிதனின் ஜாக்கிரதை முழுக்க இருக்கிறது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த அதே ஆண்டில் ‘உயர்ந்த மனிதன்’. முதல் மனைவி தீக்குப் பலியானதைத் தடுக்க முடியாமல் போன குற்ற உணர்ச்சியோடு, செல்வந்தனாக வாழ்ந்துகொண்டிருக்கும் ராஜலிங்கம். தன் வீட்டில் வேலைக்காரனாக இருப்பவன் தன் மகன்தான் என்பது தெரியாத தகப்பன். படத்தின் பெரும்பகுதியில் அந்த மனிதன் எதையும் வெளியே காட்டிக்கொள்வதில்லை.

ஆக, 1985இல் ஒருவர் வந்து அவருக்கு அடக்கம் கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே மறுப்பு இருக்கிறது. அது ஏன் யார் நினைவிலும் இல்லை? ‘அந்த நாள்’ வசூலில் தோற்றது. வ.உ.சிதம்பரனாராக, சிறைக்குப் பின் உடைந்துபோன முதியவராக அவர் நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படமும் வெளியானபோது வசூல் தரவில்லை. கை தட்டிக் காசு கொடுத்த கூட்டம் எதைக் கேட்டதோ அதையே தயாரிப்பாளர்கள் அதிகம் தந்தார்கள். கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நடிகரைக் குற்றம் சொல்கிறார்கள்.

5. ரங்காராவ், பாலையா, நாகேஷ் மூவரும் இயல்பான நடிகர்கள் என்பது எந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னது? ‘மாயா பஜார்’ (1957) படத்தில் கடோத்கஜனாக வந்து கல்யாண விருந்தையே விழுங்கும் ரங்காராவிடம் இயல்பு எங்கே இருக்கிறது? அங்கே தேவைப்பட்டது விஸ்வரூபம், அதைத் தந்தார். ‘படிக்காத மேதை’ (1960) படத்தின் வீட்டுப் பெரியவருக்கு வேறொன்று தேவைப்பட்டது, அதையும் தந்தார். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஹேமநாத பாகவதராக வரும் பாலையாவின் செருக்கில், அவர் உட்கார்ந்திருக்கும் விதமே ஓங்கி ஒலிக்கிறது. அதே படத்தின் தருமி? பரிசுப் பணத்துக்காகப் புலம்பி, பதறி, நடுங்கி, உடல் முழுவதையும் வளைத்து நெளித்து நாகேஷ் செய்தது தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. அது அடக்கமான நடிப்பு இல்லவே இல்லை.

தருமியின் பதற்றத்தைக் கொண்டாடுகிறவர்கள், எதிரே சிவபெருமானாக நிற்கும் சிவாஜியின் கம்பீரத்தை மட்டும் மிகை என்கிறார்கள். இரண்டும் ஒரே சட்டகத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. சிரிக்கவைக்கும் பெருக்கம் கலை, மற்றதெல்லாம் குறை என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது?

இன்னும் ஆழமாகப் போக வேண்டிய இடம் இது. சிவாஜியைக் கேலி செய்யும்போது பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது எது? அவர் அழுகை. அதிலும் ‘பாசமலர்’ (1961) படத்தின் கடைசிக் காட்சி. செல்வத்தையும் பார்வையையும் இழந்த ராஜசேகர் தங்கை ராதாவைத் தேடி வருகிறான். இருவரும் சேர்ந்தே சாகிறார்கள். மிமிக்ரி மேடைகளில் ஆயிரம் தடவை நகல் எடுக்கப்பட்ட காட்சி. அதில் சிவாஜி எவ்வளவு அழுகிறாரோ அந்த அளவுக்குச் சாவித்திரியும் அழுகிறார். படம் முழுக்க இருவரின் உணர்ச்சியும் ஒரே சுருதியில்தான் போகிறது; இல்லாவிட்டால் அண்ணன் தங்கைப் பாசம் என்ற கட்டுமானமே நிற்காது. ஆனால் சாவித்திரியை யாரும் ஓவர் ஆக்டிங் என்பதில்லை. நடிகையர் திலகம் என்றுதான் நினைவுகூர்கிறார்கள், அது முற்றிலும் நியாயமும்கூட. அப்படியானால் உறுத்துவது அழுகையின் அளவு இல்லை, அழுவது ஓர் ஆண் என்பது. ஆண் உடைந்து அழுவதைப் பார்க்கக் கூச்சப்படும் பார்வையாளர், தன் கூச்சத்தை நடிகரின் குறையாக எழுதிவைக்கிறார்.

அந்தக் காலத்தில் கதாநாயகன் என்றால் வெல்பவன். கத்திச் சண்டையில் வெல்வான், காதலில் வெல்வான். சிவாஜியின் மனிதர்கள் தோற்றார்கள்: குடும்பத்தில், பிள்ளைகளிடம், காலத்திடம், உடம்பிடம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே செல்லாக்காசாகும் ‘வியட்நாம் வீடு’ (1970) பிரஸ்டீஜ் பத்மநாபனைப் பார்த்துத் தங்கள் தகப்பனின் முகத்தை அடையாளம் கண்டவர்கள் ஏராளம். தமிழ் ஆண்களுக்குத் திரையில் தோற்கவும் அழவும் இடம் கொடுத்தவர் அவர். அதை வெறும் சத்தமாகக் கேட்பது பெரிய இழப்பு.

6. வெற்றி இயக்குநருடையது, தோல்வி நடிகருடையது என்பது என்ன கணக்கு? ‘முதல் மரியாதை’யின் பெருமை பாரதிராஜாவுக்கு, ‘தேவர் மகன்’ பெருமை கமல்ஹாசனுக்கும் பரதனுக்கும். ‘பாசமலர்’ அழுகை மட்டும் சிவாஜியின் குற்றம் என்கிறார்கள். இயக்குநர் சொன்னபடிதான் 1985இல் நடித்தார் என்றால், 1961இலும் இயக்குநர் சொன்னபடிதான் நடித்திருப்பார். பொறுப்பைப் பகிர்வதென்றால் எல்லாப் படங்களிலும் பகிர வேண்டும். கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையர்தான் ‘பராசக்தி’யை எடுத்தவர்கள், 16 ஆண்டு கழித்து ‘உயர்ந்த மனிதன்’ படத்தை எடுத்தவர்களும் அவர்களே. அதே இயக்குநர்கள், அதே நடிகர். மாறியவை கதையும் எழுத்தும். நடிப்பு அவற்றைப் பின்தொடர்ந்து மாறியது. ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ தந்த மகேந்திரனின் பெயரை அடக்கமான சினிமாவுக்குச் சான்றாகச் சொல்வார்கள். சிவாஜியின் ‘தங்கப்பதக்கம்’ (1974) அந்த மகேந்திரன் எழுதியது என்பதைச் சொல்வதில்லை.

‘முதல் மரியாதை’யையே எடுத்துக்கொள்வோம். அதில் அவர் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்தார் என்கிறார்கள். படத்தைத் திரும்பப் பார்த்தால் அப்படி இல்லை. வீட்டுக்குள் மனைவியின் வசவுக்கு முன் முகத்தை மூடிக்கொள்ளும் மலைச்சாமி, குயில் என்ற பெண்ணின் பக்கத்தில் வந்தால் கேலியும் கிண்டலுமாகக் குதூகலிக்கிறார். அவள் பார்க்கிறாள் என்பதற்காக இளவட்டக் கல்லைத் தூக்க மல்லுக்கட்டும் காட்சியில் உடம்பு முழுவதும் நடிக்கிறது. வீம்பு, மூச்சுத் திணறல், வெட்கம் எல்லாம் வரிசையாக வருகின்றன. வீட்டு மலைச்சாமிக்கும் ஆற்றங்கரை மலைச்சாமிக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் அந்தப் படத்தின் நடிப்பு இருக்கிறது. அந்தத் தூரத்தை அளந்து வைத்திருப்பது நாடக மேடையில் பயின்ற உடம்பு.

7. துண்டுக் காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? ‘புதிய பறவை’ (1964) கோபாலின் கடைசிக் கதறல் தனியாக வெட்டி எடுக்கப்பட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. தனியாகப் பார்த்தால் திடுக்கிடத்தான் வைக்கும். படமாகப் பார்த்தவருக்குத் தெரியும், ரயில்வே கேட் அருகே ரயில் ஓசை கேட்டு வெலவெலத்துப் போகும் நேரத்திலிருந்து அந்த மனிதன் ஒன்றைத் தொண்டையில் அடக்கிக்கொண்டே வருகிறான். செத்துப்போனதாகச் சொன்ன மனைவி உயிரோடு வந்து நிற்கும்போதும் சமாளிக்கப் பார்க்கிறான். தான் உயிராய் நம்பிய காதலே தன்னைப் பிடிக்க வைத்த பொறி என்று தெரியும் கணத்தில்தான் அந்த அடைப்பு உடைகிறது. இரண்டரை மணி நேர அடக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, உடைந்த இரண்டு நிமிடத்தைக் காட்டி, இவருக்கு அடக்கம் தெரியாது என்பது நேர்மையான விமர்சனம் ஆகாது.

சிவாஜியிடம் மிகையே கிடையாது என்று வாதிட வேண்டியதில்லை. முந்நூறை நெருங்கும் படங்களில் நடித்தவர். 1970களின் பிற்பகுதியில் எழுத்தும் கதையும் வற்றிப்போன படங்கள் வரிசையாக வந்தன. அவருடைய 200ஆவது படமான ‘திரிசூலம்’ (1979) பெரும் வசூல் செய்தது. அதில் உள்ள மூன்று வேடங்களில் ஒன்றுகூட ‘தெய்வ மகன்’ (1969) படத்தின் மூன்று வேடங்களின் அருகில் வராது. அந்தக் காலப் படங்கள் பலவற்றில் அவர் தன்னையே நகல் எடுத்தார். எழுதப்படாத பாத்திரங்களின் வெற்றிடத்தைப் பழைய சைகைகளால் நிரப்பினார். பாதி வயது நாயகிகளோடு ஆடிய டூயட்டுகளுக்கு எந்த மரபையும் துணைக்கு அழைக்க முடியாது. இவற்றை மிகை என்று சொல்பவர்களோடு சண்டையில்லை. ஒரு காலகட்டத்தின் சரிவை அதற்கு முந்தைய கால் நூற்றாண்டின் மேல் பூசும்போதுதான் சண்டை.

பொதுக் கருத்து ஒன்று தவறாக இருப்பதால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்கலாம். கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குரலை உயர்த்தினாலே நாடகத்தனம் என்று பயந்து வளர்ந்த நடிகர்களிடம், ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு சிதறாமல் சொல்லும் பயிற்சி இல்லாமல் போய்விட்டது. சரித்திரப் படமோ புராணப் படமோ எடுக்கும்போது அந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது: உடையும் வாளும் அந்தக் காலம், வாய் மட்டும் இந்தக் காலம். அசையாத முகமே ஆழமான நடிப்பு என்ற நம்பிக்கையில், எதையும் உணராத முகமும் ஆழம் என்று பாராட்டு வாங்கிவிடுகிறது. இன்னொரு விளைவு, படச்சுருள்கள். பார்க்கத் தகாதவை என்று முன்கூட்டியே தீர்ப்பாகிவிட்ட படங்களைக் காப்பாற்றப் பணம் போடுபவர்கள் மிகக் குறைவு.

அந்தத் தீர்ப்பை ரசிகர்கள் ஒருமுறை நேரடியாகவே மாற்றி எழுதினார்கள். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் புதுப்பித்து, டிஜிட்டலில் 2012 மார்ச்சில் மீண்டும் திரையிட்டபோது சென்னையில் 100 நாளைக் கடந்து ஓடியது. 48 ஆண்டு பழைய படம். உரத்த வசனம், புராண நாயகன், செட்டுகள், கிரீடங்கள். வந்தவர்களில் அந்தப் படம் முதலில் வெளியானபோது பிறந்தே இராதவர்கள் நிறையப் பேர். பெரிய திரையில், சரியான ஒலியில், முழுப் படமாகப் பார்த்தபோது கர்ணனின் குரல் அவர்களுக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

‘கர்ணன்’ படத்துக்குக் கிடைத்த அக்கறை ‘அந்த நாள்’, ‘மனோகரா’, ‘பாகப்பிரிவினை’, ‘உயர்ந்த மனிதன்’ படங்களுக்கும் கிடைக்க வேண்டும். திரைப்படக் கல்லூரிகளில் நடிப்புப் பாடம் எடுப்பவர்கள் ‘அந்த நாள்’, ‘மனோகரா’ இரண்டையும் ஒரே வாரத்தில், அடுத்தடுத்து, முழுமையாகத் திரையிட வேண்டும். பார்த்து முடித்த மாணவர்கள் அதற்குப் பிறகும் ஓவர் ஆக்டிங் என்று எழுதினால், எந்தக் காட்சி, எந்த ஷாட், எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதச் சொல்ல வேண்டும்.